தேயிலை மலையில் பௌதிகவியல்: மலையகப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர்களே,

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் தமிழ்மொழி மூலம் இயங்கும் பாடசாலைகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் என்ற வகையில் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். க.பொ.த சாதாரண தரப் பரீட்சை முடிந்து, உயர்தர வகுப்புகள் ஒழுங்காக இயங்கத் தொடங்கும் வரை கிடைக்கும் வாரங்களில், கணிதப் பிரிவு உள்ள பாடசாலை, இல்லாத பாடசாலை என்ற வேறுபாடு பாராமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் பௌதிகவியல் பற்றிய ஓர் அறிமுக வகுப்பை நடத்தித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்த வாரங்கள் சில ஆண்டுகளில் நீண்டும் சில ஆண்டுகளில் மிகக் குறுகியும் வருகின்றன என்பதை அறிவேன். இரண்டு வாரம் கிடைத்தாலும் போதும்.

தரம் 11 வரையான விஞ்ஞானப் பாடத்தில் பௌதிகவியல் இருக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இரசாயனத்துக்கும் உயிரியலுக்கும் நடுவே துண்டு துண்டாக வந்துபோகிறது. விசை ஒரு பருவத்தில், மின் இன்னொரு பருவத்தில், வில்லைகள் வேறொரு பருவத்தில் என்று படித்த பிள்ளைக்கு, இவை யாவும் ஒரே துறையின் கிளைகள் என்பதும், அந்தக் கிளைகள் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பதும் தெரிவதில்லை. பதினாறு வயதில் உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்யும் வேளையில், "கணிதப் பிரிவு கஷ்டம்" என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அண்ணன் ஒருவர் சொன்னதும், உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள 1ஏபி தரப் பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கென்று பிள்ளைகள் மலையை விட்டு இறங்குவதும் இதே வாரங்களில்தான். பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இடம்பெற்றிருக்கின்றன; அந்தச் சலுகை பொறியியல் பீடத்துக்கும் பௌதிக விஞ்ஞானத்துக்கும் உண்டு என்றாலும், அதை எட்டிப் பிடிக்கும் பாடங்களைத் தமிழில் தொடங்கவே வழியில்லாத தோட்டப் பிள்ளைக்கு அது பட்டியலில் இருந்து என்ன பயன்?

சடம், சக்தி, வெளி, காலம் ஆகியவை எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அளந்தறிந்து, அளவுகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கணிதத்தில் எழுதும் துறை பௌதிகவியல். இந்த வரைவிலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் முதல் நாள் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதுவதால் யாருக்கும் நன்மையில்லை என்பது என் அபிப்பிராயம். அதைவிட, நாம் வாழும் உயரத்திலிருந்தே தொடங்கலாம்.

கண்டியில் வாங்கிய சிப்ஸ் பக்கற்று ஒன்று றம்பொடை ஏற்றம் தாண்டி நுவரெலியாவுக்கு வந்து சேரும்போது ஊதிப் பெருத்திருப்பதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதே பஸ்ஸில் காது அடைத்துத் திறந்ததும் அவர்களுக்கு நினைவிருக்கும். காரணம், நமக்கு மேலே இருக்கும் காற்றின் நிறை. 1643 இல் இத்தாலியின் டொரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை (பாதரசத்தை) நிரப்பி, இரசம் உள்ள கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தியபோது, இரசம் முழுவதும் இறங்கிவிடாமல் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கி நிறுத்துவது வெளியே உள்ள காற்றின் அமுக்கம் என்றார் அவர். அது உண்மையானால் மலையேறும்போது காற்று குறைய வேண்டும், இரசமும் இறங்க வேண்டும் என்று பிரான்சின் பஸ்கால் சிந்தித்தார். அவர் வாழ்ந்த பரிஸ் நகரில் மலை இல்லை. ஆகவே தன் அக்காவின் கணவரான பெரியேருக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டெம்பர் 19 அன்று பெரியேர், ஒரு குழாயை அடிவாரத்து நகரில் ஒரு துறவியின் கண்காணிப்பில் விட்டுவிட்டு, இன்னொன்றோடு ஏறத்தாழ 1,000 மீற்றர் உயர்ந்து நின்ற புய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசம் 8 சென்ரிமீற்றருக்கும் மேல் இறங்கியிருந்தது. கீழே விட்டுவந்த குழாயில் அன்று முழுவதும் மாற்றமில்லை.

அந்த இரண்டாவது குழாயை ஆசிரியர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். மலையில் இரசம் இறங்கியதற்கு அன்றைய வானிலை காரணமாக இருக்கலாமே என்று எவரும் கேட்க முடியாதபடி ஒன்றைக் கீழே விட்டுச் சென்றதில்தான் பௌதிகவியலின் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. பஸ்காலுக்கு மைத்துனரைத் தேட வேண்டியிருந்தது. நமது பிள்ளைகளுக்கு அந்தத் தேவையும் இல்லை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. இரசக் குழாயொன்றை இந்தப் பாதையில் கொண்டுவந்தால் இரசம் 11 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கும். கைபேசிகள் சிலவற்றில் அமுக்கமானி உள்ளேயே இருப்பதால் இரசத்தைத் தொடாமலேயே இதை அளந்துவிடலாம். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு அங்கே வேகத் தாமதிப்பதும், பிரஷர் குக்கர் அதைச் சரிசெய்வதும் அதனால்தான். வெப்பமானி ஒன்றும் கேத்தல் ஒன்றும் இருந்தால் இந்தப் பரிசோதனையை எந்தப் பாடசாலையிலும் செய்யலாம். கொழும்புப் பாடசாலை ஒன்றால் இதைச் செய்து காட்ட முடியாது.

இயக்கவியலுக்கு வருவோம். விழும் பொருள் எப்படி வேகம் கொள்கிறது என்பதைக் கலிலியோ அறிய விரும்பினார். ஆனால் நேரே விழும் பொருள் அவரிடமிருந்த கருவிகளால் அளக்க முடியாத விரைவில் விழுந்துவிடும். ஆகவே மரப்பலகையில் ஒரு வழுவழுப்பான தவாளிப்பை வெட்டி, பலகையைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருளவிட்டார். சாய்தளத்தில் விழுகை மெதுவாகிறது, ஆனால் அதன் ஒழுங்கு மாறுவதில்லை. நேரத்தை அளக்க நல்ல மணிக்கூடு இல்லாத காலம் அது. பாத்திரமொன்றின் அடியிலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகிய நீரைச் சேர்த்து நிறுத்து, அந்த நிறையையே நேரத்தின் அளவாக எடுத்துக்கொண்டார். குண்டு கடந்த தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்ற முடிவை, வீட்டுக் காவலில் பார்வை இழந்திருந்த முதுமையில், 1638 இல் வெளிவந்த தன் நூலில் உலகுக்குத் தந்தார். தண்ணீர்ப் போத்தல், தராசு, இரண்டு பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகள் இருந்தால் இதை வகுப்பறையில் செய்து பார்க்கலாம்.

சாய்தளம் என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியது மலைநாட்டுப் புகையிரதப் பாதை. அதன் செங்குத்தான பகுதிகளில் சாய்வு 44 இற்கு 1 என்று வைக்கப்பட்டது. அதாவது 44 மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் ஏறலாம். அந்தச் சாய்வில் நிற்கும் 44 தொன் பெட்டியைப் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை 1 தொன் நிறைக்குச் சமன். உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லுக்குக் கிடைக்கும் உராய்வு குறைவு. மழையிலும் மூடுபனியிலும் அது இன்னும் குறைகிறது. ஆகவே மலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் பாதை அந்தச் சாய்வைத் தாண்ட முடியாது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைவது அந்த வரம்புக்குக் கட்டுப்பட்டுத்தான். அதைப் பார்க்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். நாமோ அதன் கணக்கை நம் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

நியூட்டன் 1687 இல் வெளியிட்ட நூலில் இயக்க விதிகள் மூன்றையும் ஈர்ப்பு விதியையும் சேர்த்து வைத்து, கீழே விழும் கல்லையும் புவியைச் சுற்றும் நிலவையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். இங்கே ஒரு சிறு வேண்டுகோள்: ஆப்பிள் கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விண்ணுக்கு ஒரு விதி, மண்ணுக்கு வேறு விதி என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்பப்பட்டதை அவர் கலைத்ததுதான் சொல்ல வேண்டிய செய்தி.

இயக்கவியலை நாம் கற்பிக்க வேண்டியதற்கு மலையகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. சரிவில் இருக்கும் மண்ணைக் கீழே இழுப்பது அதன் நிறையின் ஒரு கூறு. பிடித்து நிறுத்துவது மண் துணிக்கைகளுக்கிடையே உள்ள உராய்வும் ஒட்டும். மழை பெய்யும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, மண்ணின் நிறை கூடுகிறது: 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 100 லீற்றர், அதாவது 100 கிலோகிராம் நீர் விழுகிறது, அதில் ஓடி வழிந்தது போக மிகுதி உள்ளே இறங்குகிறது. மற்றது, துளைகளுக்குள் நிரம்பிய நீரின் அமுக்கம் துணிக்கைகளை ஒன்றிலிருந்து ஒன்று தூக்கிப் பிடிப்பதால் அவை ஒன்றையொன்று அழுத்தும் செவ்வன் விசையும், அதனோடு உராய்வும் குறைகின்றன. இழுப்பதற்கு வலுக்கூடி, பிடிப்பதற்கு வலுக்குறையும் அந்தக் கட்டத்தில் மலை நகர்கிறது. துளைநீர் அமுக்கத்தின் இந்தப் பங்கை 1920களில் தெளிவாக்கியவர் ஆஸ்திரியரான கார்ல் டெர்சாகி. மழை நின்ற பிறகும் ஏன் லயத்துக்குத் திரும்பக் கூடாது, சரிவில் புதிதாக விழுந்த வெடிப்பு ஏன் ஆபத்து, வடிகான்களை ஏன் அடைக்கக் கூடாது என்பதையெல்லாம் அறிவித்தல் பலகையைவிட இந்த விளக்கம் ஒன்றே தெளிவாகச் சொல்லும். கணிதப் பிரிவுக்குப் போகாத பிள்ளைக்கும் இந்த வகுப்பு வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

வெப்பவியலுக்கு ஆய்வுகூடம் தேயிலைத் தொழிற்சாலைதான். கொழுந்தை உலர வைக்கும் வாட்டு மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றின் குமிழ் வெறுமையாகவும், மற்றதன் குமிழ் நனைந்த துணியால் சுற்றப்பட்டும் இருக்கும். நனைந்த துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் அதன் வாசிப்பு குறைகிறது. காற்று உலர்ந்திருந்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதாகும், கொழுந்து விரைவாக வாடும். மூடுபனி இறங்கிய நாளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும், அன்று சூடாக்கிய காற்றை ஊதாமல் கொழுந்து வாடாது. அந்த மாடியில் வேலை செய்யும் தகப்பன் அந்த வாசிப்பை நாள்தோறும் பார்க்கிறார். மகனோ மகளோ அதையே உயர்தரப் பாடநூலில் சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன் அளவு) என்ற தலைப்பின் கீழ் மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது என்றால், மூன்றரைக் கிலோ நீர் எங்கோ போயிருக்க வேண்டும். ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2,260 கிலோயூல் மறை வெப்பம் வேண்டும். மூன்றரைக் கிலோவுக்கு 7,900 கிலோயூல் வரும். மின்கட்டணப் பட்டியலில் ஓர் அலகு என்பது 3,600 கிலோயூல், ஆகவே இது இரண்டு அலகுக்கும் மேல். வாட்டும்போது காற்று இலவசமாகக் கொண்டுபோகும் பங்கைக் கழித்துவிட்டால், மிகுதிக்குத்தான் டிரையர் அடுப்பில் விறகு எரிகிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைக்கு யூல் யார் என்று சொல்லலாம். மன்செஸ்டர் அருகே மதுவடிசாலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் யூல், விழும் பாரங்களால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, செய்த வேலை எவ்வளவு வெப்பமாக மாறுகிறது என்று 1840களில் அளந்தார். நயாகரா வீழ்ச்சியின் அடியில் நீர் மேலே உள்ளதைவிடச் சற்றுச் சூடாக இருக்க வேண்டும் என்றும் அவர் கணக்கிட்டார். தலவாக்கலைப் பாதையில் தெரியும் 97 மீற்றர் டெவன் நீர்வீழ்ச்சிக்கு அதே கணக்கைப் போட்டால் விடை 0.23 பாகை வரும். அளப்பதற்குக் கடினமான வித்தியாசம்தான், காற்றும் ஆவியாதலும் அதைக் குழப்பிவிடும். ஆனால் விடை அவ்வளவு சிறியது என்று அறிவதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. யூலுக்கு முன்னர் 1824 இல் பிரான்சின் சாடி கார்னோ, நீராவி எஞ்சின் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டாலும் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது என்று காட்டியதையும், பின்னர் கிளோசியசும் கெல்வினும் அதை வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாக வடித்ததையும் இதே இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்னியலும் காந்தவியலும் இருவேறு துறைகளாக இருந்தவை. 1820 இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே வைத்த திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். மின்னால் காந்தம் உண்டாகுமென்றால் காந்தத்தால் மின் உண்டாகாதா என்ற கேள்விக்கு 1831 இல் விடை கண்டவர் மைக்கேல் பரடே. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொல்லர் ஒருவரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனவர். கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானத்தைக் கற்றவர். இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பி, 1813 இல் லண்டன் றோயல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. காந்தத்தைச் சுற்றிய வெளியில் விசைக்கோடுகள் பரந்திருப்பதாக அவர் மனக்கண்ணால் கண்டதை, பின்னர் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் சமன்பாடுகளாக எழுதினார். அந்தச் சமன்பாடுகளிலிருந்து மின்காந்த அலையின் வேகத்தைக் கணித்தபோது அது ஒளியின் வேகமாகவே இருந்தது. ஒளியும் மின்காந்த அலையே என்று 1865 இல் அவர் அறிவித்தார். மின், காந்தம், ஒளி மூன்றும் ஒன்றானது அவ்விடத்தில்தான். 1887 இல் ஹேர்ட்ஸ் அத்தகைய அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார்; வானொலியும் கைபேசியும் அதன் வழி வந்தவை.

பரடேயின் கண்டுபிடிப்பு நம் மலைகளுக்கு வந்த வழியையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1918 இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின் எடுக்கலாம் என்று இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். செக்கனுக்கு ஒரு கனமீற்றர் நீர் 100 மீற்றர் விழுந்தால், இழப்புகளைத் தள்ளிவைத்துப் பார்க்கையில், 980 கிலோவாட் வலு கிடைக்கும். திணிவு, புவியீர்ப்பு, உயரம் என்ற மூன்றையும் பெருக்கினால் வரும் இந்தக் கணக்குத்தான் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கும் தலவாக்கலையில் உள்ள 150 மெகாவாட் மேல் கொத்மலை நிலையத்துக்கும் அடிப்படை. அந்த நீர்த்தேக்கங்களுக்குத் தேயிலை மலைகளும் லயங்களும் இடம் விட்டன. மின்கம்பிகள் தலைக்கு மேலே போக, கீழே லயத்துக் காம்பறாக்களில் பல காலம் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. அதைச் சரித்திர ஆசிரியர் விளக்கட்டும். அந்தக் கம்பியில் ஏன் அவ்வளவு உயர் அழுத்தத்தில் மின்னை அனுப்புகிறார்கள் என்பதைப் பௌதிகவியல் ஆசிரியர் விளக்கலாம்.

ஒளியியலை நான் சுருக்கமாகவே சொல்வேன். பார்வை என்பது கண்ணுக்குள் ஒளி வருவதால் நிகழ்வது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாதிட்ட இப்னு அல்-ஹைதம், அரியத்தால் வெள்ளொளியைப் பிரித்த நியூட்டன், ஒளி அலை என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய தோமஸ் யங் ஆகிய மூவரும் போதும். ஆனால் சி. வி. ராமனைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடக்கூடாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், 1921 இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமா என்று ஐயுற்றார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டிய அந்த வழியில் தொடர்ந்து போய், 1928 பெப்ரவரி 28 அன்று, சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருவதை கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டறிந்தார். 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் சூரிய ஒளியையும் நிறவடிகட்டிகளையும் கொண்டு தொடங்கிய ஆய்வு அது. விலையுயர்ந்த கருவி இல்லை என்பது தடையாக இருக்கவில்லை.

நவீன பௌதிகவியலை எங்கே தொடங்குவது என்று ஆசிரியர்கள் தடுமாறுவதுண்டு. நான் பலாங்கொடையில் தொடங்குவேன். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற அதே தமிழர், 1904 அளவில் அப்பகுதியில் கிடைத்த கறுப்புக் கனிப்பொருள் ஒன்றைக் கண்டறிந்தார். அது தோரியம் நிறைந்த புதுக் கனிப்பொருள் என்று தெரிந்து தோரியனைட்டு என்று பெயர் பெற்றது. இலங்கையிலிருந்து போன தோரியனைட்டை லண்டனில் ஆராய்ந்த ஒட்டோ ஹான் என்ற இளம் இரசாயனவியலாளர், அதிலிருந்து 1905 இல் ரேடியோதோரியம் என்ற கதிர்ப்புப் பொருளைக் கண்டுபிடித்து அத்துறையில் நுழைந்தார். அதே ஹான்தான் 1938 இல் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கியபோது அதில் பேரியம் தோன்றுவதைக் கண்டார். கரு பிளந்துவிட்டது என்று அதை விளக்கியவர், நாசிகளால் ஜேர்மனியை விட்டு ஓட நேர்ந்த லிசே மைட்னர் அம்மையாரும் அவருடைய சகோதரியின் மகன் ஃப்ரிஷும். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. அது நீதியல்ல என்பதைப் பெண் பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்பறைகளில் மறைக்க வேண்டியதில்லை. ரொன் கணக்கான தாதுவைக் கொட்டகை ஒன்றில் காய்ச்சிப் பிரித்து ரேடியத்தைக் கண்ட மேரி கியூரி, 1903 இல் பௌதிகவியலிலும் 1911 இல் இரசாயனத்திலும் நோபல் பெற்றதைச் சொன்ன கையோடு மைட்னரையும் சொல்லலாம்.

அணுவின் உள்ளே போகும் கதையில் 1897 இல் இலத்திரனைக் கண்ட ஜே. ஜே. தொம்சனும், பொற்தகட்டில் மோதிய துணிக்கைகள் சில திரும்பி வந்ததிலிருந்து 1911 இல் கருவை உய்த்தறிந்த ரதர்போர்டும், 1913 இல் இலத்திரன்களுக்குச் சக்தி மட்டங்களை வகுத்த நீல்ஸ் போரும் வரிசையாக வருவார்கள். சக்தி சிறு பொட்டலங்களாகத்தான் பரிமாறப்படுகிறது என்று 1900 இல் பிளாங்க் சொன்னதும், 1925, 1926 ஆம் ஆண்டுகளில் ஹைசன்பேர்க்கும் ஷ்ரோடிங்கரும் குவாண்டம் பொறிமுறையை எழுதியதும் தலைப்பளவில் போதும். 1947 இல் வந்த டிரான்சிஸ்டர் அந்தக் குவாண்டம் விதிகளில் நிற்கிறது என்பதைச் சொல்லி இலத்திரனியலுக்கு வழி காட்டிவிடலாம். ஐன்ஸ்டைனின் சார்பியலை அறிமுக வகுப்பில் விளக்க முற்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கைபேசியில் இடங்காட்டும் செய்மதிகளின் மணிக்கூடுகள் நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்திப் போவதைத் திருத்த அந்தக் கோட்பாடு வேண்டியிருக்கிறது என்று சொன்னால், கேள்வி கேட்கும் பிள்ளை தானாகவே எழுந்து நிற்கும். வானியற்பௌதிகத்துக்கு, 1930 இல் இங்கிலாந்து போகும் கப்பலிலேயே வெண்குறுமீன்களின் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்களின்) திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்று கணித்துக்கொண்டு போன இளைஞர் சந்திரசேகரையும், கோட்பாட்டுப் பௌதிகத்துக்கு, கேம்பிரிட்ஜில் குவாண்டம் பொறிமுறையின் முன்னோடிகளில் ஒருவரான டிராக்கிடம் ஆய்வு செய்துவிட்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த நம் நாட்டுத் தமிழர் சி. ஜே. எலியேசரையும் சேர்த்து நினைக்கலாம்.

இவற்றை "கண்டுபிடித்தவர் யார்?" என்ற பொது அறிவு வினாவிடையாக மாற்றிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். பெயரும் ஆண்டும் அந்தந்தப் பரிசோதனையோடு வந்தால் நிற்கும். தனியே வந்தால் அடுத்த வாரமே போய்விடும்.

இனி நடைமுறை. கணிதப் பிரிவு உள்ள பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவரை அந்த வாரங்களில் அருகே உள்ள பாடசாலைகளுக்கும் சுற்றில் அனுப்ப வலயக் கல்விப் பணிப்பாளர் ஓர் எழுத்துமூல ஒழுங்கு செய்தால் போதும், புதிய நியமனம் தேவையில்லை. போக்குவரத்துச் செலவை மட்டும் ஆசிரியரின் கையிலிருந்து போக விடாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தோட்ட முகாமைத்துவத்துக்கு அதிபர் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும்; ரோலர், டிரையர் ஓடாத நேரமாகவும், பொறுப்பானவர் ஒருவர் கூட வரவும் கேட்டுக்கொள்வது நல்லது. வெப்பமானி, வேணியர் இடுக்கிமானி, கல்வனோமானி போன்றவை பல பாடசாலைகளின் அலுமாரிகளில் பெட்டி திறக்காமலேயே கிடக்கின்றன; பொருட்பதிவேட்டில் குறைந்துவிடும் என்ற பயத்தில் பூட்டி வைத்தவற்றை, உடைந்தால் கழித்தெழுத அதிபர் முன்வந்து, வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தைத் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வேலை நாளில் பாடசாலைக்கு வரும் தாய் அன்றைய பேரை (ஒரு நாள் கூலிக்கான பதிவை) இழக்கிறாள். அதனால்தான் வராமல் இருக்கிறாள், அக்கறை இல்லாததால் அல்ல. அந்தக் கூட்டத்தில் கணிதப் பிரிவு எந்தப் பாடசாலையில் இருக்கிறது, விடுதி வசதி உண்டா, எந்தப் பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, புலமைப்பரிசிலுக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற நான்கையும் எழுத்தில் கொடுத்து விடுங்கள். அறிமுக வகுப்பு முடிந்ததும் கணிதப் பிரிவுக்கு எத்தனை பிள்ளைகள் விருப்பம் தெரிவிக்கிறார்கள் என்பதைப் பாடசாலை வாரியாகப் பதிந்து வலயத்துக்கு அனுப்புங்கள். எந்தப் பாடசாலைக்கு அடுத்ததாக உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று மாகாணத்திடம் கேட்கும்போது அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.

வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே இதற்கான சுற்றறிக்கை வெளிவந்தால், ஆசிரியர்கள் ஆயத்தமாகிக்கொள்ள நேரம் கிடைக்கும். எந்த வலயமாவது முதலில் செய்து பார்க்க முன்வருமானால், மேலே சொன்ன பரிசோதனைகளுக்கான செயற்குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரவும், வகுப்பில் நின்று செய்து காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.